நிற்பதற்கு ஒரு பாய்

தமிழர் வாழ்வில் பாய்க்குள்ள இடம் பெரிது. விருந்தினர் வந்தால் முதலில் விரிக்கப்படுவது பாய். குழந்தையைக் கிடத்துவதும் பாயிலேதான். பந்திக்குப் பாய் உண்டு. பாட்டுக் கச்சேரிக்குப் பாய் உண்டு. நெடுநாள் நோயாளியைப் 'பாயோடு பாயாகக் கிடக்கிறார்' என்று கூறும் வழக்கும் உண்டு. காற்றை வாங்கிக் கப்பலைச் செலுத்தும் சீலைக்கும் பாய் என்பதே பெயர். இவற்றையெல்லாம் அறிந்த தமிழாசிரியர் ஒருவரிடம், 'நிற்பதற்கென்றே ஒரு பாய் உண்டா?' என்று வினவினால் அவர் சற்றுத் தயங்கக் கூடும். முசுலிம் அன்பர்களின் தொழுகை விரிப்பை அவர் நினைவுகூரலாம். ஆனால் அதில் நிற்றலும் குனிதலும் அமர்தலும் ஆகிய எல்லா நிலைகளும் உண்டு. வெறுமனே நிற்பதற்காக, அதுவும் சில நிமிடங்களே நிற்பதற்காகச் செய்யப்பட்ட பாய் ஒன்று இருக்கிறது. கடலலைகளில் சறுக்கி விளையாடுவோரும், காட்டிலும் கடற்கரையிலும் கூடாரமிட்டுத் தங்குவோரும் ஈர உடையைக் களைந்து உலர்ந்த உடையை அணியும் வேளையில் காலடியில் விரித்துக்கொள்ளும் மெத்தென்ற பாய் அது.

பார்வைக்கு அது மிக எளிய பொருள். ஒரு பெரிய வட்டம். குறுக்களவு ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். அடிப்புறத்தில் நீர் புகாத துணி. நடுவில் ஓர் அங்குலத்திற்கும் குறைவான தடிப்பில் நுரைப்பஞ்சு. மேலே காலுக்கு இதமான துணி. வட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு கயிறு ஓடும். உடை மாற்றியபின் அந்தக் கயிற்றை இழுத்தால் பாயே பையாகிவிடும். ஈர உடை அதற்குள் அடங்கும். வண்ணான் வெளுக்கத் துணி எடுக்க வந்த காலத்தில், தரையில் ஒரு சேலையை விரித்து, அழுக்குத் துணிகளை அதன் நடுவில் குவித்து, நான்கு முனைகளையும் இழுத்து முடிந்து முதுகில் போட்டுக்கொண்டு போன காட்சியைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மூட்டை என்பது தமிழர்க்குப் புதிதன்று.

எனினும் இப்பாய் தோன்றியதற்குக் காரணம் வேறு. அலைச்சறுக்கின் தாயகம் பசிபிக் பெருங்கடலின் தீவுகள். ஹவாய் மக்கள் பலகையின்மீது ஏறி அலையோடு கரைக்கு வருவதைக் கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில் உடன் சென்ற ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி 1779ஆம் ஆண்டில் கண்டு எழுதி வைத்தார். அம்மக்களுக்கு உடை மாற்றும் கவலையே இருந்ததில்லை. அக்கடலின் வெப்பம் 24 முதல் 27 பாகை வரை இருக்கும். அணிந்ததோ மிகச் சிறிய உடை. வெயிலும் காற்றும் அதனை உடம்பிலேயே உலர்த்திவிடும். நீந்தி முடித்தவன் நேரே மணலில் அமரலாம். அவன் வீட்டில் விரிக்கத் தாழையோலைப் பாய் இருந்தது. கடற்கரைக்கு அதனைத் தூக்கி வர வேண்டிய தேவை இல்லை.

இக்கலை குளிர்ந்த நாடுகளுக்குச் சென்றபோதுதான் இடர் தொடங்கியது. ஹவாயில் பிறந்த டியூக் கஹானமோக்கு 1912ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றவர். அவர் 1914ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, சிட்னி அருகே பலகையில் நின்று அலையேறிக் காட்டினார். கலிபோர்னியாவிலும் அவர் இக்கலையைப் பலருக்கு அறிமுகப்படுத்தினார். ஆனால் வட கலிபோர்னியாவின் கடல் ஹவாயின் கடல் அன்று. அங்கே நீரின் வெப்பம் பத்துப் பன்னிரண்டு பாகையாக இறங்கிவிடும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையாகிய கார்ன்வாலில் குளிர்காலத்தின் இறுதியில் அது பத்துப் பாகைக்கும் கீழே போவதுண்டு. அந்நீரில் வெற்றுடம்போடு இறங்கியவன் அரைமணி நேரத்தில் பல் கிட்டிக் கரையேற வேண்டியதுதான்.

இதற்கு மாற்றுக் கண்டவர்கள் 1950களின் தொடக்கத்தில் வந்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலறிஞர் ஹியூ பிராட்னர், கடற்படை மூழ்குநர்களுக்காக ஓர் உடையை உருவாக்க முனைந்தார். நீர் புகாதபடி உடலை மூடவேண்டியதில்லை. சிறிதளவு நீர் உள்ளே வந்தாலும் உடம்பின் சூட்டில் அது வெதுவெதுப்பாகிவிடும். அந்தச் சூடு வெளியேறாமல் தடுத்தால் போதும் என்பது அவர் கண்ட உண்மை. நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரை டுபாண்ட் நிறுவனத்தார் 1931இல் அறிமுகப்படுத்தியிருந்தனர். அந்த ரப்பரை நுரையாக்கினால் அதனுள் எண்ணற்ற நுண்ணிய குமிழ்கள் அடைபடும். அக்குமிழ்களே குளிருக்குச் சுவர். 1952ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஜாக் ஓநீல் என்பவர் அலைச்சறுக்குப் பொருள்களுக்கென ஒரு கடை திறந்தார். ரப்பர் உடையை அலைச்சறுக்கு வீரர்களிடையே பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர்.

குளிர் நீங்கியது, ஆனால் புதியதொரு தொல்லை பிறந்தது. இந்த ரப்பர் உடையைக் களைவது எளிய செயலன்று. அது தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தோளிலிருந்து உரிக்க வேண்டும். பிறகு இடுப்பைத் தாண்டி இறக்க வேண்டும். இறங்க இறங்க அது உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு, நனைந்த பாம்புச் சட்டையைப்போல் கணுக்காலில் வந்து சிக்கிக்கொள்ளும். அந்நிலையில் வீரன் ஒற்றைக் காலில் நிற்பான். மற்றொரு காலால் உடையின் ஓரத்தை மிதித்துக்கொண்டு, சிக்கிய காலை வெளியே இழுப்பான். அவன் நிற்பதோ கார் நிறுத்துமிடத்தின் சரளைக்கல் தரை. விரல்கள் விறைத்திருக்கும். எதிர்காற்று வீசும். மாற்றுடையை வைக்க இடமிராது. மணல் கால்சட்டைக்குள் புகும். சரளையின் கூர்முனை விலையுயர்ந்த ரப்பரைக் கீறும். பெருமலைபோன்ற அலையை அடக்கியாண்ட மாவீரன், தன் கால்சட்டையோடு போராடித் தடுமாறி விழும் காட்சி, குளிர்நாட்டுக் கடற்கரைகளில் நாள்தோறும் நடக்கும் நகைச்சுவை நாடகம்.

குளிரின் காரணத்தையும் இங்கே கருத வேண்டும். காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். எனவே ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவனின் உடற்சூடு பாதத்தின் வழியே தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். காலுக்கும் தரைக்கும் நடுவே அசையாத காற்றைப் பிடித்து வைத்தால் அந்த ஓட்டம் தடைபடும். நுரைப்பஞ்சு செய்யும் வேலை அதுதான். நுரையிலும் இருவகை உண்டு. பாத்திரம் துலக்கும் பஞ்சினைப்போல் கண்கள் ஒன்றோடொன்று திறந்திருப்பது ஒருவகை. அது நீரைக் குடித்துக் கனக்கும். ஒவ்வொரு குமிழும் தனித்தனியே மூடப்பட்டிருப்பது மற்றொரு வகை. அது நீரை ஏற்காது. உடைமாற்றும் பாய்க்கு உரியது இரண்டாம் வகை. இன்றைய செருப்புகள் பலவற்றின் அடிப்பகுதியிலும், சிறுவர் விளையாடும் வண்ணச் சதுரத் தட்டுகளிலும் இருப்பது அத்தகைய நுரையே. ஆக, ரப்பர் உடைக்குள் கடலில் உடம்பைக் காத்த அதே குமிழ்கள், கரைக்கு வந்தபின் பாதத்தைக் காக்கின்றன.

இவ்வளவும் குளிர்நாட்டார் கதை. மலேசியாவின் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை, பகாங் மாநிலத்துச் செராத்திங் கரையில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடுவர். அவர்களுக்கு ரப்பர் உடை தேவைப்படுவதில்லை. அப்படியானால் இந்நாட்டில் இப்பாய்க்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றிய ஆசிரியை ஒருவரும் முதலில் அப்படித்தான் கேட்டார்.

அவருடைய தம்பி மகன் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் படித்துத் திரும்பியவன். படிப்போடு அலைச்சறுக்கையும் கற்றுவந்தான். அவன் பெட்டியைத் திறந்தபோது கறுப்பு நிறத்தில் வட்டமாக மடிந்து கிடந்த பொருளைக் கண்ட அத்தை, அதனை விரித்து உட்காரப் போனார்.

"அத்தை, அது உட்கார்றதுக்கு இல்ல. நிக்கிறதுக்கு," என்றான் அவன்.

"நிக்கிறதுக்குப் பாயா? தரை எதுக்குடா இருக்கு?"

அவன் குளிரைச் சொன்னான், சரளையைச் சொன்னான், ரப்பர் உடையின் விலையைச் சொன்னான். அத்தை சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். பாயின்மீது ஏறி நின்று பார்த்தார். கயிற்றை இழுத்தார், பாய் பையாயிற்று. அதன்பின் அவர் சிரிக்கவில்லை. அவருடைய எண்ணம் வேறிடத்திற்குச் சென்றுவிட்டது.

அந்த ஆசிரியை பல ஆண்டுகள் பள்ளியின் பெண் சாரணியர்க்குப் பொறுப்பாக இருந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றங்கரையில் முகாம் நடக்கும். பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுமியர் கூடாரம் அடிக்கவும், முடிச்சுப் போடவும், அடுப்பு மூட்டவும் கற்பார்கள். மாலையில் ஆற்றில் இறங்கிக் குளிப்பார்கள். அதுவரை ஒரே ஆரவாரம். கரையேறியதும் ஆரவாரம் அடங்கிவிடும். உடை மாற்றும் இடம் எது? கழிப்பறை ஒன்று உண்டு. அது தொலைவில் இருக்கும். அதன் தரை எப்போதும் ஈரம். ஆணி இல்லை, கொக்கி இல்லை. உலர்ந்த உடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, மற்றொரு காலைக் கால்சட்டைக்குள் நுழைக்கும்போது அதன் முனை சேற்றில் தோயும். கூடாரத்திற்குள் மாற்றலாம் என்றால், எட்டுப் பேர் ஈரத்தோடு உள்ளே நுழைந்தால் இரவு படுக்க உலர்ந்த தரை இராது. வெளியே மாற்றலாம் என்றால் மறைப்பில்லை. அட்டைக் கடி வேறு.

முந்திய ஆண்டு முகாமில் ஒரு சிறுமி உடை மாற்றவே இல்லை. மாற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டு ஈர உடையோடு போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். இரவு முழுவதும் மழை. விடியற்காலையில் அவளுக்குக் காய்ச்சல். அது பெரிய நோயாக முற்றவில்லை. இரண்டு நாளில் எழுந்துவிட்டாள். ஆனால் செய்தி வீடுதோறும் பரவிவிட்டது. அடுத்த முகாமுக்குப் பெயர் கேட்டபோது பாதிப் பேருக்கும் குறைவாகவே முன்வந்தனர். அந்தச் சிறுமியின் தாயார் பள்ளிக்கு வந்தார். அவர் சண்டையிட வரவில்லை. ஆசிரியையிடம் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், பிள்ளைய அனுப்பறதுல எனக்கு ஒன்னும் இல்ல. துணி மாத்த ஒரு நல்ல எடம் இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

பெண் பிள்ளைகள் ஏன் விளையாட்டிலும் முகாமிலும் பின்தங்குகிறார்கள் என்பது குறித்து ஆசிரியர் கூட்டங்களில் பலமுறை பேசப்பட்டதுண்டு. அச்சம் என்பர் சிலர்; பழமை என்பர் சிலர்; பெற்றோரின் அறியாமை என்பாரும் உளர். கைகால் அலம்பி, ஈரம் துடைத்து, பிறர் காணாமல் உடை மாற்றிக்கொள்ள மூன்றடி இடம் இல்லாமையை அக்கூட்டங்களில் எவரும் காரணமாகச் சொன்னதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டவர் அந்தத் தாயார்தான்.

முன்னோர் இவ்விடத்தை எப்படி அமைத்துக்கொண்டனர்? தோட்டப்புறங்களில் வீட்டுக்கு வீடு குளியலறை இல்லாத காலம் இருந்தது. குழாயடியிலும் ஆற்றிலும் பெண்கள் கைலியை மார்போடு உயர்த்திக் கட்டிக்கொண்டு குளித்தார்கள். மலாய்ப் பெண்களும் அவ்வாறே செய்தனர். குளிப்பதற்கென்று உடுத்தும் துணியைக் 'காயின் பாசாஹான்' என அவர்கள் வழங்குவர். குளித்து முடித்ததும் உலர்ந்த கைலியைத் தலைவழியே போட்டு, அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். உள்ளே ஈரக் கைலியின் முடிச்சு அவிழும். ஈரம் காலடியில் விழ, உலர்ந்தது மேலிருந்து இறங்கும். ஒரு கணமும் உடல் வெளித்தெரியாது. தாயிடமிருந்து மகள் பார்த்துப் பழகிய அந்தத் திறமையை எந்தப் பாடநூலும் கற்பித்ததில்லை. இன்று குளியலறையும் தாழ்ப்பாளும் உள்ள வீடுகளில் வளரும் சிறுமியர்க்கு அது தெரியாது; தெரியவேண்டிய தேவையும் வீட்டில் இல்லை.

ஆனால் அத்திறமையோடு மற்றொன்றும் சேர்ந்திருந்தது என்பதை ஆசிரியை எண்ணிப் பார்த்தார். அப்பெண்கள் எங்கே நின்றார்கள்? வெறுந்தரையில் அன்று. துணி துவைக்கும் கல்லின்மேல் நின்றார்கள். சேறும் மணலும் ஒட்டாத, கால் வழுக்காத, தட்டையான கல் அது. தமிழகத்து ஊர்களில் குளத்துக்கும் ஆற்றுக்கும் படித்துறை கட்டினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு துறைகள் அமைந்த ஊர்களும் உண்டு. படித்துறை நீரில் இறங்குவதற்கு மட்டும் கட்டப்பட்டதன்று. ஏறியபின் நின்று துவட்டி உடுத்திக்கொள்வதற்கும் அதுவே இடம். குளிப்பவருக்கு நீரைப்போலவே நிற்குமிடமும் வேண்டும் என்று அறிந்தவர்கள் அதனைக் கல்லில் செய்து வைத்தனர். கட்டித் தருவார் இல்லாத காட்டாற்றங்கரையில், தோளில் தூக்கிக்கொண்டு போகக் கூடிய படித்துறையாகவே அந்தக் கறுப்புப் பாய் ஆசிரியைக்குத் தோன்றியது.

கடைகளில் விற்கும் பாய்களை வாங்குவது பள்ளியின் வரவு செலவுக்கு ஒத்துவராது. ஆகவே செய்து பார்ப்பதென முடிவாயிற்று.

முதலில் மெங்குவாங் பாயை அவர் முயன்றார். திரெங்கானுவைச் சேர்ந்த உடனாசிரியை ஒருவர் கொடுத்த பாய் அது. மெங்குவாங் தாழை இனத்தைச் சேர்ந்தது. அதன் நீண்ட இலைகளின் இரு விளிம்பிலும் நடு நரம்பிலும் முள் வரிசை இருக்கும். முள்ளைச் சீவி, இலையை ஒரே அகலமுள்ள நாடாக்களாகக் கிழித்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, சாயமேற்றிப் பின்னுவார்கள். ஹவாய் மக்கள் 'லௌஹாலா' என்று வழங்குவதும் இதே தாழை இனத்தின் ஓலைதான். அலைச்சறுக்கின் தாயகமும் மலாய்க் கரையும் பாய் பின்னும் கலையில் உறவினர் என்பது அறிந்து மகிழத்தக்கது. மெங்குவாங் பாய் காலுக்கு வழவழப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. சிறுமியர்க்கு மிகவும் பிடித்திருந்தது. ஆயினும் அது தோற்றது. பின்னலின் இடுக்கு வழியே நீர் மேலேறியது. முகாம் முடிந்து ஈரத்தோடு சுருட்டி வைத்த பாயில் ஒரு வாரத்திற்குள் கரும்பூஞ்சணம் பூத்துவிட்டது. வீட்டுத் திண்ணைக்கும் உலர்ந்த தரைக்கும் உரிய கைவினையைச் சேற்றில் போட்டு மிதிப்பது அதற்குச் செய்யும் மரியாதையும் அன்று. பழமை என்பதனாலேயே ஒரு பொருளை எல்லா வேலைக்கும் ஏவுவது முறையாகாது.

அடுத்து நுரை. பாலர் பள்ளியில் பழுதாகி ஒதுக்கப்பட்ட வண்ணச் சதுரத் தட்டுகள் சில கிடைத்தன. கைவினைப் பாடவேளையில் ஆறாம் வகுப்புச் சிறுமியர் வேலையைத் தொடங்கினர். லாரிகளை மூடும் தார்ப்பாய்த் துணியில் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் வெட்டப்பட்டது. விளிம்பை மடித்துத் தைத்து அதனுள் கயிறு செலுத்த வேண்டும். கயிறு எவ்வளவு நீளம் வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். ஒருத்தி ஒரு மீட்டர் என்றாள். ஒருத்தி இரண்டு என்றாள். கணிதப் பாடத்தில் சற்றே பின்தங்கிய ஒருத்தி எதுவும் சொல்லாமல் நூலை எடுத்து வட்டத்தைச் சுற்றி வைத்து அளந்தாள். மூன்று மீட்டரும் அதற்குமேல் ஒரு சாணும் வந்தது. கட்டுவதற்குக் கூடுதலாகச் சேர்த்து மூன்றரை மீட்டர் வாங்கினர்.

முதற்பாய் சரியாக அமையவில்லை. நுரையைத் துணியின் விளிம்புவரை வைத்துத் தைத்ததால் கயிற்றை இழுத்தபோது அது சுருங்க மறுத்தது. பை வாய் திறந்தபடியே நின்றது. தடித்த பொருள் மடிப்புக்கு இணங்காது. எனவே இரண்டாம் பாயில் நுரையை அறுபது சென்டிமீட்டர் வட்டமாகக் குறைத்து நடுவில் மட்டும் வைத்தனர். சுற்றிலும் வெறுந்துணி. நிற்பதற்கு மெத்தை; சுருக்குவதற்குத் துணி. இம்முறை பை நன்றாக மூடியது.

மற்றொரு கவனமும் தேவைப்பட்டது. நுரைத் தட்டு நாளடைவில் ஓரம் உதிரும். உதிரும் துணுக்குகள் மக்குவதில்லை. ஆற்றில் விழுந்தால் மிதந்து சென்று கடலைச் சேரும். மீன் அதனை இரையென எண்ணி விழுங்கும். அலைச்சறுக்கு வீரர்களே இவ்வகையில் இக்கட்டில் இருப்பவர்கள். கடலை உயிராக நேசிப்பவர்கள் அவர்கள். ஆனால் அவர்களின் பலகை, உடை, பாய் ஆகிய மூன்றும் பெரும்பாலும் கல்லெண்ணெயிலிருந்து பிறந்தவை. பழைய ரப்பர் உடைகளைப் பொடியாக்கி மீண்டும் பாயாக வார்க்கும் முயற்சிகள் சில இடங்களில் நடந்துள்ளன, அவை வரவேற்கத்தக்கவை. ஆறாம் வகுப்புச் சிறுமியர்க்கு அத்தகைய ஆலை இல்லை. அவர்கள் நுரையின் மேலும் கீழும் துணியை வைத்து, ஓரிடமும் திறவாதபடி நெருக்கமாகத் தையலிட்டனர். தையல் பிரிந்த பாயை முகாமுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதியாயிற்று.

பாய் நிற்க இடம் தந்தது, மறைப்புத் தரவில்லை. அதற்கு அந்தப் பழைய கைலியே உதவிற்று. மேல்விளிம்பில் எலாஸ்டிக் கோத்துக் கழுத்தளவுக்குச் சுருக்கினார்கள். கைலி ஒரு சிறு கூடாரமாயிற்று. பல்லால் கடிக்க வேண்டியதில்லை. உள்ளே இரு கைகளும் ஓய்வாக இருந்தன. குளிர்நாட்டு வீரர்கள் துவாலைத் துணியால் தைத்த முக்காட்டு அங்கியை இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தம்பி மகன் சொன்னான். அவர்களுடையது கனமானது, ஈரத்தை உறிஞ்சும், சூடும் தரும். மலேசிய வெப்பத்திற்குக் கைலியே ஏற்றது. அது விரைவில் காயும்.

பழகிக்கொள்வதற்கும் முறை வேண்டியிருந்தது. செருப்போடு பாயில் ஏறக் கூடாது. ஏறினால் சேறு மேற்புறத்திற்கு வந்துவிடும். முதலில் ஒரு வாளி நீரில் காலை அலம்பிக்கொண்டு பிறகு ஏறவேண்டும். உலர்ந்த உடையை அணியும் வரிசைப்படி முன்கூட்டியே அடுக்கிக் கைலியின் உட்பையில் வைக்கவேண்டும். களைந்த ஈர உடை பாயின் ஓரத்தில் விழட்டும். நடுவில் விழக் கூடாது. இறங்கியபின் பாயைத் துடைத்து அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் பள்ளித் திடலில் இரண்டு மாலைகள் சீருடைக்கு மேலேயே நடித்துப் பழகினார்கள். திடலோரம் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஆசிரியை அவர்களையும் அழைத்து ஒற்றைக் காலில் நின்று காலுறை மாட்டச் சொன்னார். நால்வரில் மூவர் விழுந்தனர்.

முகாமுக்குப் பெயர் பதியும் நாளில் பாய்கள் பள்ளி மண்டபத்து மேசைமேல் வைக்கப்பட்டிருந்தன. காய்ச்சல் கண்ட சிறுமியின் தாயாரும் வந்திருந்தார். ஒரு பாயைத் தூக்கிப் பார்த்தார். நுரையைக் கட்டைவிரலால் அழுத்தினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார், மறுபடி விரித்தார். பின் செருப்பைக் கழற்றிவிட்டு, எவரையும் பார்க்காமல், அதன்மேல் ஏறி ஒரு காலில் நின்றார். கால் மாற்றி நின்றார்.

"எத்தனை பாய் இருக்கு டீச்சர்?"

"நாலு."

"அத்தன பிள்ளைக்கு நாலு போதாது. மழை வந்துச்சுன்னா எல்லாம் ஒரே நேரத்துல வரும். எங்க வூட்டுல தார்ப்பாய் கெடக்கு. தையல் மிஷினும் இருக்கு. நொரைய மட்டும் குடுத்து விடுங்க."

பிறகு கையெழுத்திடப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.